டீச்சர் நின்ற வாரம்

"கம்ப்யூட்டர் எழவில்லை. டீச்சர் நிற்கிறார்."

2001-ஆம் ஆண்டு டைரியில், ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றுக்கு நேரே நான் எழுதிவைத்திருப்பது இந்த இரண்டு வாக்கியங்கள்தான். மழை, ரயில் தாமதம், படித்துக்கொண்டிருக்கும் புத்தகம் என்று நாலு வரியாவது எழுதாமல் படுக்கிறவனல்ல நான். அன்று இரண்டோடு நிறுத்தியிருக்கிறேன். மறுநாள் பக்கத்தில் "இன்றும் நிற்கிறார்" என்று மட்டும் இருக்கிறது. அந்த வாரம் நடந்தவற்றில் நான் கண்ணால் பார்த்ததையும், பிறர் சொல்லிக் கேட்டதையும் கலக்காமல் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஆம்பூரைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் மண் சாலையில் எங்கள் தோல் தொழிற்சாலை இருந்தது. பச்சைத் தோலாக வந்து, பதப்பட்டு, மெருகேறி, பெட்டியில் அடுக்கப்பட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகும். அனுப்பும் பிரிவில் நான் எழுத்தர். ஏற்றுமதிக்கான காகிதங்களை எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் தயாரிக்கும் வேலை டீச்சருடையது. அதற்கு முன் வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் என்பதால் முதல் நாளிலிருந்தே அவருக்கு அந்தப் பெயர். முதலாளி முதல் வாட்ச்மேன் வரை யாரும் வேறு பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை.

அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். எங்கள் ஆங்கிலத்தை முகத்துக்கு நேரே திருத்துவார். நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில் ஒரு சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, "சார், இத நாலாங் கிளாஸ் பசங்க கரெக்டா எழுதுவாங்க" என்று பத்துப் பேர் முன்னிலையில் திருப்பித் தந்திருக்கிறார். மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுவார். வேலூரிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அன்று முழுவதும் முகம் இறுகிக் கிடக்கும். கணவர் பிரிந்து போய்விட்டார் என்பதும், ஒரே மகள் பத்தாம் வகுப்பில் இருக்கிறாள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அவர் சொல்லியல்ல, ப்யூன் பாய் சொல்லித் தெரியும்.

அந்த மகளுக்காகத்தான் டீச்சர் எங்கள் நாற்றத்தைச் சகித்துக்கொண்டிருந்தார். கம்பெனியின் அறக்கட்டளை நடத்திய பள்ளியில் நிரந்தர ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பில் இடம் உறுதி. டீச்சர் தற்காலிகம். புத்தாண்டில் நிரந்தர உத்தரவு வரும் என்று முதலாளியே வாயால் சொல்லியிருந்தார். மகளுக்கான சீருடை இன்ன நிறம் என்பதுவரை டீச்சர் விசாரித்து வைத்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டபோது விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வந்து நின்றது. ஏதோ ஒரு சிஸ்டம் ஃபைல் கெட்டிருக்கிறது, மறுபடி போடுங்கள் என்பது அதன் பொருள். அதற்குள்தான் அடுத்த கப்பலுக்கான காகிதங்கள் எல்லாம் இருந்தன. வெள்ளிக்கிழமை வாங்குவோரின் ஏஜென்ட் சென்னையிலிருந்து வருவதாக இருந்தது.

மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு ப்யூன் பாயிடம், "அந்தச் சேரை எடுத்துப் போய் வராண்டால போடு" என்றார்.

பாய் புரியாமல் நின்றார்.

"மெஷினு உக்காந்துடுச்சி இல்ல, டீச்சரம்மா நிக்கட்டும். ரெண்டு பேரும் உக்காந்துட்டா கம்பெனி இன்னா ஆவறது?"

டீச்சர் எழுந்தார். "நிக்கறதுக்கின்னா சார். பாடம் எடுத்தவ நானு, நின்னே பழக்கம்" என்றார். பாய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். அறையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம்.

உட்கார்ந்து தட்டுவதற்காகச் செய்த மேஜை அது. நின்றபடி வேலை செய்ய வேண்டுமென்றால் இடுப்பை வளைத்துத்தான் ஆகவேண்டும். டீச்சர் அப்படி வளைந்து நின்றபடியே தன் கைப்பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தார். சென்டரில் இருந்த காலத்துப் பழக்கம். மெஷின் தானாக எழாதபோது வெளியிலிருந்து எழுப்புவதற்கென்று தன் காசில் வாங்கிய ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பார். அதைச் செருகி மெஷினை மறுபடி போட்டதும் படமோ வண்ணமோ இல்லாமல் வெறும் எழுத்துத் திரை வந்தது. அதில் கட்டளைகளைத் தட்டினார். விண்டோஸ் தன் அமைப்புகளின் பழைய நகல்களைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளுமாம். கெடாத நாளின் நகல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திரும்பப் போட்டார். கெட்டுப்போன ஃபைல்களை ஒவ்வொன்றாக சிடியிலிருந்து எடுத்து வைத்தார். மாலை பஸ்ஸுக்கு நேரமாகும்போது நீல வானமும் மேகமுமாக விண்டோஸ் வந்தது. பாய் கை தட்டினார். நாற்காலி திரும்பி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடியும் அதே கறுப்புத் திரை.

"நேத்து எழுந்துச்சி, இன்னிக்கி செத்துச்சி" என்றார் மேனேஜர். "உங்க ஏசு சாமி மூணா நாளு எழுந்தாரு இல்ல டீச்சரம்மா, நாளைக்கிப் பாக்கலாம்." யாரோ சிரித்தார்கள். யாரென்று டைரியில் எழுதவில்லை. அன்று வந்த ரசாயன வியாபாரி, லாரி ஏஜென்ட், கணக்குத் தணிக்கைக்காரர் என எல்லோரையும் எங்கள் அறைக்கு அழைத்துவந்து காட்டினார். "இவங்கதான் நம்ம கம்ப்யூட்டர் டாக்டரு. பேஷன்ட் நெலம மோசம்." ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம், அதே ஏற்ற இறக்கம். ரசாயன வியாபாரி மட்டும் சங்கடப்பட்டு, "உக்காந்து பாருங்களேம்மா" என்றார். "சேர் ரிப்பேருக்குப் போயிருக்கு சார்" என்று டீச்சரே பதில் சொன்னார்.

மதியம் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டிருந்ததைப் பார்த்தேன். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

புதன்கிழமை அவர் திரையை விட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தார். திரும்பத் திரும்ப வெவ்வேறு ஃபைல் கெடுகிறது என்றால் குற்றம் ஃபைலில் இல்லை, எழுதுகிற இடத்தில் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளேயிருந்து மெமரித் துண்டை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பில் பளபளக்க வேண்டிய பல்வரிசை கறுத்திருந்தது.

அந்த ஜன்னல் சுண்ணாம்புத் தொட்டிகளைப் பார்த்தது. தோலிலிருந்து மயிரைக் கழற்றச் சுண்ணாம்போடு சல்ஃபைடும் போடுவார்கள். அழுகிய முட்டை நாற்றம் அதிலிருந்துதான் வரும். எங்கள் பக்கத்தில் வேலைக்கு வரும் பெண்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் விஷயம், வெள்ளிக் கொலுசை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவது. போட்டுக்கொண்டு வந்தால் கறுத்துவிடும். கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளிக் குத்துவிளக்கைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைக்கும் வீடுகள் உண்டு. வெள்ளிக்கு இத்தனை காவல் போட்ட ஊரில், ஓர் உலோகப் பெட்டியைத் தொட்டிக்கு எதிர் ஜன்னலோரம் வைத்தோம். அதற்குக் காவலாக மேலே ஒரு துணி உறை தைத்துப் போட்டோம், தூசு படாமல் இருக்க.

டீச்சர் என்னிடம் ரப்பர் கேட்டார். பென்சில் அழிக்கும் சாதாரண ரப்பர். அதைக் கொண்டு அந்தப் பல்வரிசையை மெதுவாகத் தேய்த்தார். ரப்பர் கரியாயிற்று, உலோகம் வெளுத்தது. திரும்பச் செருகி, ஃபைல்களை மூன்றாம் முறையாகச் சரிசெய்தார். வியாழக்கிழமை காலையில் மெஷின் எழுந்தது. நான்கு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார், நான்கு முறையும் எழுந்தது. மாலைக்குள் கப்பல் காகிதங்கள் அத்தனையும் அச்சாகி என் மேஜைக்கு வந்தன.

"புது வருஷத்துல ஆர்டர் கன்ஃபார்ம், டீச்சர்" என்றார் பாய்.

"மொதல்ல சேர் வரட்டும் பாய்" என்றார். அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் வந்தார். டைரியில் மழை என்று இருக்கிறது. பாய் நல்ல வெயில் என்று சாதிக்கிறார். மழையோ வெயிலோ, மேனேஜர் அவரை எங்கள் அறைக்கு அழைத்து வந்தார். பேப்பர் தாமதமாகும் என்று யாரோ சென்னைக்குச் சொல்லியிருக்கிறார்கள் போல. ஏஜென்ட் அதைப் பற்றிக் கேட்டார். மேனேஜர் டீச்சரைக் கைகாட்டி, "இவங்க எதையோ அழிச்சி மெஷினக் கெடுத்துட்டாங்க சார். நாங்க ஆள வெச்சி சரி பண்ணிட்டோம்" என்றார்.

டீச்சர் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வாக்கியம் அப்படியே கடந்து போயிருக்கும். ஆனால் தவறாகச் சொல்லப்பட்ட ஒன்றைத் திருத்தாமல் விட அவருக்குத் தெரியாது. என் நாலாம் வகுப்பு ஆங்கிலத்தைத் திருத்திய அதே குரலில், ஆங்கிலத்தில், தான் எதையும் அழிக்கவில்லை என்றும், கட்டடத்தின் காற்று உள்ளே இருக்கும் உலோகத்தை அரித்துவிட்டது என்றும், மெஷினை ஏசி அறைக்கு மாற்றாவிட்டால் மறுபடி கெடும் என்றும் சொன்னார். கறுத்த ரப்பரை எடுத்து ஏஜென்ட்டின் உள்ளங்கையிலேயே வைத்தார்.

வெளியாருக்கு இதன் கனம் புரியாது. தோல் கழிவால் பாலாற்றுத் தண்ணீர் கெட்டதற்காகக் கோர்ட்டு, ஆய்வு, தொழிற்சாலை மூடல் என்று எங்கள் பக்கம் அல்லல்பட்ட காலம் அது. வெளியாள் முன்னால் தண்ணீர் என்றோ காற்று என்றோ எவரும் சொல்லமாட்டோம். வந்தவர்கள் மூக்கைப் பிடித்தால், "இது துட்டு வாசன சார்" என்று சிரித்து மாற்றிவிடுவோம். வெளிநாட்டுக்காரனுக்காக வாங்குகிறவரின் கையில் எங்கள் காற்றின் கரியை வைத்துக் காட்டியவர், எனக்குத் தெரிந்து, டீச்சர் ஒருவர்தான்.

ஏஜென்ட் ரப்பரைப் புரட்டிப் பார்த்தார். "இன்ட்ரஸ்டிங்" என்றார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மேனேஜரோடு வெளியே போனார்.

சனிக்கிழமை மாலை டீச்சருக்கு வேலை இல்லையென்ற காகிதம் வந்தது. கவனக்குறைவால் கம்பெனியின் கம்ப்யூட்டரைச் சேதப்படுத்தியதாகக் காரணம் எழுதியிருந்தது. டீச்சர் அதைப் படித்துவிட்டு, "பேர்லயே ஸ்பெல்லிங் தப்பு" என்று மட்டும் சொன்னார். முதலாளியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். அவருடைய கார் வேப்பமரத்தடியில் நின்றிருந்தது.

கேட்டில் தொழிலாளர்களின் பையைச் சோதிப்பது வழக்கம், தோல் துண்டு எடுத்துப் போகிறார்களா என்று. ஆபீஸ் ஆட்களைச் சோதிப்பதில்லை. அன்று மேனேஜர் கேட்டருகே வந்து நின்று டீச்சரின் பையைக் கொட்டச் சொன்னார். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். டிபன் பாக்ஸ், குடை, மாத்திரை அட்டை, ஃப்ளாப்பி. ஃப்ளாப்பியை மேனேஜர் எடுத்துக்கொண்டார்.

"அது என்னுது சார். நான் வாங்கனது."

"கம்பெனி மெஷின்ல போட்டது கம்பெனிது."

"அத வெச்சிக்கினு நீங்க இன்னா பண்ணுவீங்க? நாளைக்கி மெஷின் எழலன்னா யாரு எழுப்புவா?"

"எழும்" என்றார் மேனேஜர்.

டீச்சர் குனிந்து பொருள்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தார். வாட்ச்மேன் உதவப் போனார், மேனேஜர் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார். வேலூர் பஸ் வரும்வரை டீச்சர் சாலையோரம் நின்றார். வராண்டாவில் நாற்காலி காலியாகக் கிடந்தது.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் மேனேஜரின் ஏசி அறைக்குப் போயிற்று. அவருடைய மச்சினன் ஆபரேட்டராக வந்தான். நான் அந்தக் கம்பெனியை விட்டது 2004-இல். அதுவரை அந்த மெஷின் ஒருநாள்கூட எழாமல் இருந்ததில்லை. புத்தாண்டில் நிரந்தர உத்தரவு மச்சினனுக்கு வந்தது. டீச்சரின் மகள் எந்தப் பள்ளிக்குப் போனாள் என்று தெரியவில்லை. கம்பெனிப் பள்ளிக்கு வரவில்லை. சேர்க்கைப் பட்டியல் ஒட்டியபோது போய்ப் பார்த்தேன்.

இப்போது அந்த இடத்தில் சுற்றுச்சுவர் மட்டும் இருக்கிறது. தொட்டிகள் இருந்த பக்கம் முள் மண்டிக் கிடக்கிறது. மேனேஜர் இறந்துவிட்டார். அஞ்சலிச் சுவரொட்டியில் பண்பாளர் என்று போட்டிருந்தார்கள்.

அண்மையில் வேலூரில் என் லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொடுத்த கடையில், கல்லாவில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அந்தக் காலத்தில் எங்கள் கம்பெனிக்கு வருடம் ஒருமுறை வந்துபோன சர்வீஸ்காரர். பேச்சு டீச்சரிடம் வந்தது. காற்றுச் சமாசாரத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அது நான் அந்த வருஷம் கோடையிலயே உங்க மேனேஜருக்குச் சொன்னதுதான சார். தொட்டிப் பக்கம் வெக்காதீங்க, பல்லு கறுக்குது, உங்க ஏசி ரூமுக்கு மாத்துங்கன்னு. 'மெஷின மாத்தனா அந்தம்மா இன்னா, என் எதுருல வந்து உக்காருமா'ன்னு கேட்டாரு. நான் பேஜாராப் போச்சின்னு வந்துட்டேன்."

அப்படியென்றால் நாற்காலியை எடுக்கச் சொன்ன திங்கட்கிழமையன்றே மேனேஜருக்குக் காரணம் தெரியும். சர்வீஸ்காரர் கோடையில் வந்ததற்கு என் டைரியில் குறிப்பு இல்லை. அந்த மாதங்களில் நான் காமாலையால் விடுப்பில் இருந்தேன். ப்யூன் பாய்க்கு நினைவில்லை. சர்வீஸ்காரரிடம் பழைய ரசீது எதுவும் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னது உண்மையா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.