ஒரே தொட்டியில் வைத்த முருகை

கண்ணாடித் தொட்டியில் முருகை, அதாவது கடலில் வளரும் உயிர்ப் பவளம், வளர்க்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்த வாதம் வந்துவிடும். முறித்தெடுத்த துண்டுகளைத் தாய்முருகையோடு ஒரே தொட்டியில் வைப்பதா, வேறொரு தொட்டி கட்டாயம் வேண்டுமா? இடமில்லை என்பார் ஒருவர், இரட்டை வேலை என்பார் இன்னொருவர். என்னைக் கேட்டால், வேறு தொட்டி வைக்க மனமில்லாதவன் முருகையைத் தொடவே கூடாது என்பேன். ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

எண்பத்தைந்தில் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடைக்காரரைக் கொண்டு ஒட்டுவித்த இரண்டடித் தொட்டி ஒன்று எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தது. கடற்கரை சைக்கிளில் பத்து நிமிடம். கிழமைக்கு இரண்டு கான் கடல்தண்ணீர் கொண்டுவந்து மாற்றுவேன். அம்மாவுக்கு அது சுத்த விசர் வேலை.

அதற்குள் உயிர்முருகையைக் கொண்டுவந்து வைத்தவர் குருநகரில் இருந்த ஒரு சுழியோடி. கடலட்டையும் சங்கும் எடுக்கப் போகிறவர். பிள்ளைகளுக்குக் காட்டிப் படிப்பிக்க எனக்குச் சிப்பியும் நட்சத்திரமீனும் கொண்டுவந்து தருவார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் கையகலத்தில் மண்ணிறக் கிளைமுருகை ஒன்றை வாளித் தண்ணீரோடு கொண்டுவந்தார். இரண்டு மாதம் அது வாடாமல் நின்றதைக் கண்டதும், அதில் ஒரு கிளையை முறித்து, சின்னக் கல்லொன்றில் பொருத்தி, வலைக்குப் பாவிக்கிற தங்கூசி நூலால் இறுக்கிக் கட்டினார்.

“இதை வேறை தண்ணியிலை வையுங்கோ மாஸ்ரர். ஒண்டுக்கு ஏதும் வந்தால் மற்றது தப்பும்.”

“இருக்கிற தொட்டிக்குத் தண்ணி இழுக்கவே நாரி முறியுது அண்ணை. இதுக்கு இன்னொண்டோ?”

“நான் கொண்டந்து தாறன்.”

“பாப்பம்,” என்றேன். நான் பாப்பம் என்றால் மாட்டேன் என்று அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டு, கட்டின துண்டைத் தாயின் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் கடலுக்குப் போன அவருடைய படகு திரும்பவில்லை. அந்த நாள்களில் கடல் அப்படித்தான் இருந்தது. கடற்படையின் துவக்குச் சூடு கேட்டது என்றார்கள் சிலர். இந்தியாப் பக்கம் கரையேறியிருப்பார்கள் என்றார்கள் வேறு சிலர். ஒரு பலகைத் துண்டுகூட ஒதுங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்த கையோடு அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். முக்காட்டை எடுக்காமலே தொட்டிக்கு முன்னால் நின்றார். முறித்த துண்டின் தோல் கல்லில் படர்ந்து, தங்கூசி முடிச்சைப் பாதி மூடியிருந்தது.

“இது அவர் கட்டினதோ?”

“ஓம் அக்கா.”

“பிடிச்சிட்டுது,” என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். அம்மா தேத்தண்ணீர் போட்டுக் கொடுப்பார். இறந்தோர் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிச் சுவாமியாரும் தன் தமையன்மாரும் நெருக்குவதாக ஒரு நாள் சொன்னார். “உது உயிரோடை நிக்குமட்டும் நான் பூசைக்கு ஓம் சொல்லமாட்டன் மாஸ்ரர்.” படித்தவன் நான், முருகைக்கும் மனிதருக்கும் தொடர்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அன்று பின்னேரமே இன்னொரு தொட்டியாவது வைத்திருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. நாளைக்கு, வாற கிழமை என்று கடத்தினேன்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக்குத் தொட்டித் தண்ணீர் மளமளவென்று வற்றும். உப்புக் கூடிவிடாமல், குறைந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டு நிரப்புவேன். எங்கள் வளவில் அப்போது இடம்பெயர்ந்து வந்த இரண்டு குடும்பங்கள் இருந்தன. எல்லோருக்கும் ஒரே கிணறு. ஊரில் வயிற்றோட்டம் பரவியதால், ஒரு புதன்கிழமை பின்னேரம் கிணறுகளுக்குக் குளோரின் போட்டுக்கொண்டு போனார்கள். “ரெண்டு நாளைக்கு உந்தத் தண்ணியைக் குடியாதை,” என்று அம்மா சொன்னார். நான் குடிக்கவில்லை. வியாழன் காலை, வகுப்புக்கு நேரம் போய்விட்டது என்ற அவதியில், அரைவாளி அள்ளித் தொட்டிக்குள் ஊற்றினேன். மூக்கில் அந்த மணம் ஏறியது. ஏறியும் ஊற்றினேன். குடிக்கத்தானே கூடாது என்று நினைத்தேனோ, ஒன்றுமே நினைக்கவில்லையோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மத்தியானம் வந்து பார்த்தபோது தண்ணீர் கலங்கி, சளி நூல் நூலாக மிதந்தது. மறுநாள் தாயும் துண்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. வேறொரு சட்டியில் விரலளவு துண்டொன்று இருந்திருந்தால் போதும்.

ஞாயிறு அவர் வந்தார்.

“என்ன இப்பிடி வெளிறிப்போய் நிக்குது?”

“வெக்கை கூடிப்போச்சு அக்கா. நிறம் திரும்பி வரும்.” நாக்கூசாமல் சொன்னேன்.

பிறகு நான் செய்ததை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. செத்த முருகையில் பச்சைப் பாசி பிடிக்கும். சனிக்கிழமைகளில் அதை வெளியே எடுத்து, முடிச்சு அவிழாமல் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப வைப்பேன். பிணத்தைக் குளிப்பாட்டி இருத்துகிற வேலை. ஞாயிறு அவர் வருவார், பார்ப்பார், தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். விறாந்தையில் தனியே இருக்கும்போது தொட்டிக்கு முதுகைக் காட்டி இருக்க எனக்குப் பயமாக இருந்தது. ஈர உடம்போடு யாரோ பின்னால் நின்று, தொட்டி ஏன் ஒன்றுதான் இருக்கிறது என்று பார்ப்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ஐந்தாவது ஞாயிறு அவர் தேத்தண்ணீரைத் தொடவில்லை.

“மாஸ்ரர், நான் கடற்கரையிலை பிறந்தனான். செத்த முருகையை எனக்குத் தெரியாதோ?”

நான் தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“ஊர் முழுக்க அவர் இல்லையெண்டு சொல்லுது. நீங்கள் ஒராள்தான் இருக்கிறார் எண்ட மாதிரிக் கதைச்சியள். அதைக் கேக்கத்தான் வந்தனான். இனி ஏலாது. வாயாலை ஒருக்காச் சொல்லுங்கோ.”

“செத்திட்டுது அக்கா,” என்றேன். என் பிழைதான் என்று கிணற்றுத் தண்ணீர் ஊற்றியது முழுவதையும் சொல்லி அழுதேன். அவர் அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“அது என்ன நாள்?” என்று கேட்டார்.

சுவரில் கிடந்த கலண்டரைப் பார்த்து அந்த வியாழனின் திகதியைச் சொன்னேன். கடதாசியில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்டேன்.

“பூசைக்குக் குடுக்கேக்கை செத்த திகதி கேப்பினம். ஆளும் இல்லை, நாளும் இல்லையெண்டு இவ்வளவு காலமும் நிண்டன். இனி நாள் இருக்கு.”

கடதாசியை மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அந்தத் திகதியில் அண்ணைக்கு ஆண்டுப் பூசை நடந்தது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிடும்வரை, கோயிலின் கடைசி வாங்கில் நானும் போய் இருந்தேன். சுவாமியார் அவருடைய பெயரைச் சொல்லி, இன்ன நாளில் இறந்தவர் என்று வாசிப்பார். ஒவ்வொரு முறையும் எனக்குத் தூக்கிவாரிப்போடும். கடலில் அவர் எந்த நாள் இறந்தாரோ ஒருவருக்கும் தெரியாது. கோயில் புத்தகத்தின்படி, நான் அரைவாளி தண்ணீர் ஊற்றிய காலையில்தான் அவர் இறந்தார்.