எங்கள் வீட்டில் நடந்த ஆடிட்

இருந்தவர்கள்: நான். மனைவி செல்வி. பிளஸ் டூ முடித்த மகள் ரம்யா. கல்லாவியிலிருந்து வந்திருந்த மச்சினன் முருகேசன். லேப்டாப்புக்குள் இரண்டு பேர் - பெங்களூரு யூனிவர்சிட்டி மேடம், பக்கத்தில் ஜப்பான் வாத்தியார்.

போன ஞாயிறு ரம்யாவுக்கு இன்டர்வியூ. ஜப்பான் மொழியும் இன்டர்நேஷனல் பிசினஸும் சேர்ந்த படிப்பு. பெற்றோரும் உட்கார வேண்டுமாம்.

"உன் கம்பெனிக்கு ஜப்பான்காரங்க வந்தா, நடுவுல நின்னு பேசுற ஆளு எங்கருந்துப்பா வர்றாரு?" என்று அதற்கு முன்பு ஒருநாள் ரம்யா கேட்டாள்.

"டெல்லி."

"ஏன், ஓசூர்ல ஆளே இல்லயா?"

அடுத்த வாரமே அப்ளிகேஷன் போட்டாள். செல்விக்கு ஒரே நிபந்தனை - தினமும் பஸ்ஸில் போய், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஹாஸ்டல் பேச்சே கூடாது.

எனக்குப் படிப்பு எட்டாவது. கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் பத்தொன்பது வருடம். ஜப்பான்காரர் வருகிறார் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் - ஆடிட். ஷாப்பைச் சுற்றிப் பார்த்துக் குறை எழுதுவார்கள். தரையில் மஞ்சள் டேப் ஒட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் லேபிள். சூப்பர்வைசர் சொல்லித் தருவார்: "எது கேட்டாலும் எஸ் சொல்லு. சிரி. வேற வாயத் தொறக்காத."

வீட்டிலும் அதையே செய்தேன். செருப்பு வைக்கும் இடத்துக்கு மஞ்சள் கட்டம். சமையலறை டப்பாக்களுக்கு லேபிள்.

"ஏங்க, உப்பு டப்பா மேல உப்புன்னு எழுதுனாத்தான் எனக்குத் தெரியுமா?" என்றாள் செல்வி.

நான் யூனிஃபார்ம், சேஃப்டி ஷூவோடு உட்கார்ந்தேன்.

"ஹெல்மெட்ட மறந்துட்டியே மாமா" என்றான் முருகேசன்.

கேமராவில் தெரிந்தது எங்கள் தலைகளும் ஒரு காலண்டரும். மஞ்சள் டேப்பை யார் பார்த்தார்கள்?

ரம்யா நன்றாகப் பேசினாள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும்... முதலில் இங்கிலீஷ், பிறகு போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட ஜப்பான் மொழி. வாத்தியார் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு மேடம் என்னைப் பார்த்து நீளமாக இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"எஸ் மேடம்." சிரித்தேன்.

திரும்பவும் கேட்டார்.

"எஸ் மேடம்."

வாத்தியார் குனிந்து வணங்கினார். நானும் குனிந்தேன். அவருக்கு என் வழுக்கை மட்டும் தெரிந்திருக்கும்.

வீடியோ கால் முடிந்தது. ரம்யா என்னையே பார்த்தாள்.

"அப்பா... நெஜமாவே அனுப்புறியா?"

"எங்க?"

"ஜப்பானுக்கு. மூணாவது வருஷம் ஆறு மாசம் அங்க படிக்கணும். அனுப்புவீங்களான்னுதான் கேட்டாங்க. மாட்டோம்னா சீட் இல்ல. முன்னாடியே சொன்னா நீங்க அப்ளிகேஷனே போட வுட்டிருக்க மாட்டீங்க."

"பஸ்ஸுல போயி பொழுது சாய வந்துருமா அக்கா?" என்றான் முருகேசன். செல்வி அவனைப் பார்த்த பார்வையில் எழுந்து வெளியே போனான்.

அடுத்து என் பக்கம் திரும்பினாள். "என்ன கேக்குறாங்கன்னு புரிஞ்சுதான் எஸ் சொன்னீங்களா?"

புரியவில்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். ஒரு போன் போட்டால் போதும், அந்த எஸ், நோ ஆகிவிடும். ரம்யா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"புரிஞ்சுதான்" என்றேன்.

பெரிய முடிவுகளைத் தைரியசாலிகள்தான் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. இங்கிலீஷ் தெரியாதவர்களும் எடுக்கிறார்கள்.

மூன்று நாள் செல்வி என்னோடு பேசவில்லை. சோறு வந்தது. குழம்பு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

புதன்கிழமை சீட் கிடைத்ததாக மெயில் வந்தது. ரம்யா சத்தமாகப் படித்தாள். செல்வி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"பிளேன்ல எவ்ளோ எடுத்துனு போக வுடுவாங்கடி? பருப்புப்பொடி, ஊறுகாயெல்லாம் அங்க கெடைக்காதில்ல?"

ரம்யா போனில் தேடினாள்.

"இருபத்து மூணு கிலோ."