எருமைத் தோலில் நான் பார்த்த சிறுத்தை

என் மேலுதட்டில் இப்போது இருப்பது இரண்டாவது மீசை. முதல் மீசையை ஓர் எருமைத் தோலின் பொருட்டு இழந்தேன். இதைச் சொன்னால் என்னை அறியாதவர்கள் சிரிக்கிறார்கள். அறிந்தவர்கள் சிரிப்பதில்லை, எருமைக்காக வருத்தப்படுகிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தா. சீமை வியாபாரிகளுக்கு "தங்கள் கீழ்ப்படிந்த ஊழியர்கள்" என்று முடித்துக் கடிதம் எழுதுவது என் வேலை. மற்ற நேரத்தில் நான் யாருக்கும் கீழ்ப்படிந்ததாக ஞாபகம் இல்லை. ஷாப்பின் வாசனையைப் பற்றி என் மூக்கு முதல் வாரம் முறையிட்டது. இரண்டாம் வாரம் ராஜினாமா செய்துவிட்டது.

அந்த வருஷம் சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் பாதியில் சிங்கம், சிறுத்தை, ஓநாய் முதலியவை எப்படி இரை பிடிக்கின்றன என்று எழுதியிருந்தது. பிற்பாதியில் மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் பூமியில் திரிந்த ராட்சதப் பல்லிகளின் சண்டை. நடுப்பக்கத்தில் ஒரு படம்: மாடிவீடு உயரத்தில் ஒரு பல்லி, இரண்டு காலில் நின்று, மூன்று கொம்புள்ள இன்னொன்றின் முதுகைக் கிழிக்கிறது. படம் போட்டவரும் அந்தச் சண்டையை நேரில் பார்த்தவர் அல்ல. ஆனாலும் ரத்தம் எந்தப் பக்கம் தெறித்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மத்தியானத்தில் தோல் உலர்த்தும் கொட்டகையில் ஆட்கள் சாப்பிட உட்காரும்போது அந்தப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வேன். சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிற ஒருவன் ஒரு நாள் வெகுநேரம் படத்தைப் பார்த்தான்.

"இந்தப் பல்லித் தோல ஒண்ண நனைக்கணும்னா நம்ம தொட்டி பத்தாதே, ரைட்டரய்யா?"

"அது செத்துக் கோடி வருஷமாச்சுப்பா."

"அப்ப தோல் கெட்டிருக்கும். வுடுங்க."

அவர்களுக்கு நான் சொன்னதில் ஒரே ஒரு சூத்திரம்தான் பிடித்திருந்தது. மாமிசம் தின்னும் பிராணி ஓடுகிறதைத்தான் துரத்தும். அசையாமல் நிற்கிறதை விட்டுவிடும். அதைப் புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அந்தக் கோட்டை இன்றைக்குப் பார்த்தாலும் முதுகு அரிக்கிறது.

ஒரு திங்கட்கிழமை, சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய எருமைத் தோல் ஒன்றைச் சாய்பலகைமேல் போட்டார்கள். தோள்பட்டை இருந்த இடத்தில் நான்கு நீளக் கோடுகள். ஒரு சாண் நீளம், ஒன்றுக்கொன்று சமதூரம். 

"சிறுத்தை!" என்றேன்.

வேலை நின்றது. நான் நிறுத்தவில்லை. மலையடிவாரத்துப் புதரில் அது பதுங்கியதையும், இடப்பக்கமாகப் பாய்ந்ததையும், எருமை கொம்பைத் திருப்பியதையும், நகம் வழுக்கியதையும் நடித்தே காட்டினேன். எருமையாக நடித்தபோது கொஞ்சம் அதிகமாகக் கைதட்டினார்கள்.

தரம் பிரிக்கும் பாய் எழுந்து வந்தார். முப்பது வருஷமாகத் தோலைத் தடவியே தரம் சொல்கிறவர். வேலையில் கண்ணைவிடக் கட்டைவிரலைத்தான் நம்புவார். கோடுகளின்மேல் விரலை ஒரு தடவை ஓட்டினார்.

"சிறுத்தையும் இல்ல, பூனையும் இல்ல. சீக்கு வந்த மாட்டுக்குக் கம்பிய காய்ச்சி இழுத்த சூடு."

"பாய், நான் படித்துவிட்டுச் சொல்கிறேன். உங்கள் கட்டைவிரலுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது தம்பி. எருமைக்கும் தெரியாது."

கொட்டகை முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் நான் கெட்டேன். "இது சிறுத்தை இல்லையென்றால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்" என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன்.

அந்த மீசையின் நிலவரத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் விளக்கெண்ணெய் போட்டு முறுக்கி வளர்த்தது. வேலூரில் ஒரு வீட்டில் என் போட்டோவைப் பார்த்து, "மீசை நல்லா இருக்குது" என்று சொல்லியிருந்தார்கள். மூக்கு, நெற்றி, உத்தியோகம் ஆகியவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக ஏற்பாடு. எங்கள் ஜாதியிலோ தகப்பன் செத்தால்தான் மகன் மீசையை எடுப்பான். என் தகப்பனாருக்கு அப்போது அபாரமான தேக சௌக்கியம்.

தோலின் ஓரத்தில் ஊருக்கு அடையாளமாக வெட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து, அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் என்று பாய் சொன்னார். வியாழக்கிழமை பச்சைத்தோல் வாங்க அந்தப் பக்கம் வண்டி போகிறது. மாட்டுக்காரனையே கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. வழி முழுவதும் நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சிறுத்தையின் குணங்களைச் சொல்லிக்கொண்டே போனேன். பாய் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அந்த மாதம் அந்த ஊரில் செத்த எருமை ஒன்றே ஒன்று. அதனால் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். மாட்டுக்காரன் கழனிக்குப் போயிருந்தான். அவன் மனைவி வைக்கோல் போருக்கு முன்னால் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இப்ப வந்துடுவாரு. எருமைக்கு இன்னா பண்ணாருன்னு எனக்கு இன்னா தெரியும்? குந்துங்க."

உட்கார இடமில்லை. நான் வாசல் நடுவில், புத்தகமும் கையுமாக நின்றேன். அப்போது வைக்கோல் போருக்குள் கோழி ஒன்று கூச்சலிட்டது. அடுத்த நிமிஷம் போரின் அடியிலிருந்து ஓர் உடும்பு வெளியே வந்தது. வாயில் முட்டை. மூக்கிலிருந்து வால்வரை மூன்று முழம் இருக்கும்.

"ஐயோ, முட்ட! முட்ட!" என்று அந்த அம்மாள் முறத்தோடு எழுந்தாள். எங்கிருந்தோ இரண்டு நாய்கள் வந்தன. உடும்பு முட்டையைப் போட்டுவிட்டு, தொண்டையை உப்பிக்கொண்டு சீறியது. வாலைச் சாட்டைபோல் சுழற்றி முதல் நாயின் மூஞ்சியில் ஒன்று கொடுத்தது. நாய் கத்திக்கொண்டு பின்வாங்கியது. என் நடுப்பக்கத்துப் படம் உயிரோடு எழுந்து வந்த மாதிரி இருந்தது. அளவு மட்டும் கம்மி.

"தம்பி, இந்தாண்ட ஓடியா!" என்று பாய் வண்டிமேலிருந்து கத்தினார். அவர் எப்போது வண்டிமேல் ஏறினார் என்று எனக்குத் தெரியாது.

நான் ஓடவில்லை. அடிக்கோடிட்ட வரி ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கம்பம்போல் நின்றேன்.

பயந்த உடும்புக்கு மரம் வேண்டும் என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை. வாசலில் நட்டுவைத்ததுபோல் நின்றது நான் ஒருவன்தான். உடும்பு என் முழங்காலில் ஆரம்பித்து, இடுப்பைத் தாண்டி, முதுகு வழியாகத் தலைக்கு ஏறி உட்கார்ந்தது. நாய்கள் என்னைச் சுற்றிக் குரைத்தன. அந்த அம்மாள் முறத்தை ஓங்கிக்கொண்டு உடும்பை அடிப்பதா, என்னை அடிப்பதா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு பொதுவாக அடித்தாள். உடும்பு என் முதுகு வழியாகவே சறுக்கி இறங்கி வேலிக்குள் மறைந்தது. சட்டையின் பின்புறமும் அதோடு போயிற்று.

பாய் இறங்கி வந்தார். என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகில் கட்டைவிரலை வைத்தார்.

"ஐயோ!"

"அசையாதே தம்பி. இத்தினி நேரம் நல்லாத்தானே நின்னே? பாரு, இது நகம். ஆரம்பத்துல ஆழம், போகப் போக மெல்லிசு, கடைசில மயிரு மாதிரி வளைஞ்சி ஓடுது. உன் எருமைமேல இருந்த கோடு ரெண்டு முனையும் ஒரே கனம். நகம் அப்டி இழுக்காது. கம்பிதான் இழுக்கும்."

அந்தச் சமயத்தில் மாட்டுக்காரன் மண்வெட்டியோடு வந்தான். வாசலில் பாதிச் சட்டையோடு நிற்கிற ஒரு குமாஸ்தாவின் முதுகை ஒரு பாய் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டான்.

"எருமைத் தோள்ல இன்னாப்பா நாலு கோடு?" என்றார் பாய்.

"தோள் சப்பை வீங்கிப் போச்சுங்க. நாந்தான் சூடு இழுத்தேன். இவருக்கும் வீக்கமா?"

திரும்பும் வழியில் பாய் இன்னொரு வெற்றிலை போட்டுக்கொண்டார். பள்ளிகொண்டா தாண்டியதும் மனசு கேட்காமல் சொன்னார்: "மீசைய வுட்டுடு தம்பி. பொண்ணு பாக்கணும்னியே. ஆளுங்க கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"முடியாது பாய். எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை."

"அப்ப பாதி எடுத்துடு."

அந்த யோசனையை நான் கொஞ்சதூரம் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் முழுமீசையும் போயிற்று. கொட்டகை ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். பாய் மட்டும் வரவில்லை. ஆனால் என் முதுகைப் பற்றி அவர் தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருந்தார்: மூன்றாம் தரம், அதுவும் கீறல் கழிவு போக.

ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஜட்கா நின்றதும் நான் முதலில் இறங்கினேன். வாசலில் நின்ற பெண்ணின் தாய்மாமன் என் உதட்டைப் பார்த்தார். அவர் முகம் வாடியது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எப்பப்பா தவறினாரு? ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?"

"யாரு தவறினாரு?" என்று என் தகப்பனார் ஜட்காவிலிருந்து தலையை நீட்டினார்.

அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. உள்ளே நாற்காலியில் சாயவும் முடியாமல் நுனியில் உட்கார்ந்திருந்தேன். "நீயே சொல்லுடா" என்று தகப்பனார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எருமை, பாய், உடும்பு, முறம் எல்லாவற்றையும் சொன்னேன். ராட்சதப் பல்லிகளைக்கூட விடவில்லை. பதற்றத்தில் மனிதனுக்குத் தனக்குத் தெரிந்ததுதானே வாயில் வரும்?

ஒருவரும் சிரிக்கவில்லை. தாய்மாமன் வெற்றிலைத் தட்டை என் பக்கத்திலிருந்து மெதுவாகத் தம் பக்கம் நகர்த்தினார். சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். அப்போது சமையலறையில் ஒரு தம்ளர் விழுந்து உருண்டது. அதைத் தொடர்ந்து அடக்க முயன்று தோற்ற ஒரு சிரிப்பு. அம்மாக்காரி கதவருகே வந்தாள்.

"பொண்ணு ஒண்ணு கேக்குது. அசையாம நின்னா வுட்டுடும்னு புஸ்தகத்துல போட்டிருக்குதே, உடும்பு மேல ஏறும்னு போடலியா?"

"போடவில்லை" என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. தாய்மாமன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வெற்றிலைத் தட்டை என் பக்கமே நகர்த்தினார். மீசை முளைத்த பிறகு முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த வாரம் கடிதம் வந்தது.

கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் ஏதாவது சண்டை வந்தால் இப்போதும் நான் ஓடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நிற்கிறேன். என் மனைவி என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, நான் இன்னும் மூன்றாம் தரம்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.