போர்டுக்குப் பின்னாடி ஒரு ஜன்னல்

வீட்டுல இருக்கிற பொருளையே உங்களைத் திரும்ப வாங்க வைக்கிறதுதான் ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ற என் பொழப்பு. சிக்னல்ல நின்னு அண்ணாந்து பாத்து ஏமாந்தவங்களே, நீங்கதான் என் சொந்தக்காரங்க! பாலக்கரை கடையில பிரிண்ட் ஓடிட்டிருக்கு, அது முடியறதுக்குள்ள டைப் பண்ணிடறேன்.

முதுகு

தில்லை நகர்ல ஒரு நகைக்கடை போர்டு மாட்டறப்ப நானும் பின்பக்கமா ஏறினேன். மூஞ்சிக்கு நேரா ஒரு ஜன்னல்! போர்டு அதை அப்படியே மூடிட்டு நிக்குது. உள்ள வாடகைக்கு இருக்கிற வசந்தி அக்கா பட்டப்பகல்ல ட்யூப்லைட் போட்டு ஜாக்கெட் தைக்கிறாங்க. போர்டுக்கு இடம் விட்டது வீட்டு ஓனர்தான். எனக்கு ஆத்திரம் தாங்கல. அக்கா சிரிக்கிறாங்க: "முன்னாடி நகை போட்ட பொண்ணு நிக்குதாமே தம்பி? எனக்கு அது முதுகுதான் தெரியுது."

கடை பேரு

ஆடித் தள்ளுபடி முடிஞ்சு தீபாவளி விளம்பரம் வர்ற வரைக்கும் போர்டு காலி. போர்டு கம்பெனி மேனேஜரைக் கெஞ்சி வாங்கி, மூடிக் கெடக்கற அதே ஜன்னலை வரைஞ்சு மாட்டினேன்: கம்பி, காயற துணி, எட்டிப் பாக்கற அக்கா. கீழ ரெண்டு வரி. "இதுக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு ஜன்னல் இருக்கு. எதை வாங்கறதுக்காக இதை மூடினோம்?" ஜனங்க கொதிப்பாங்க, ஓனர் வெக்கப்பட்டு போர்டை எடுப்பார், அக்காவுக்கு வெளிச்சம் வரும்னு நெனச்சேன். மேனேஜர் அண்ணாந்து பாத்தார். "நல்லாதான்ப்பா இருக்கு. கடை பேரு எங்க?"

கொசுவலை

கொதிச்சது நான் மட்டும்தான்! ஸ்ரீரங்கத்துலேருந்து எதிர் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மாமா ரெண்டு வரியையும் சத்தமா வாசிச்சார். அப்பாடா, ஒருத்தராவது கேட்டாரேன்னு ரோட்டைத் தாண்டி ஓடினேன். வரைஞ்சது நான்தான்னு சொன்னதும் தோள்ல தட்டினார். "ஜன்னல் பேஷா இருக்குடா அம்பி. கொசுவலையும் சேத்துத் தருவாளோ? போன் நம்பர் போட மறந்துட்டியே!"

வித்த கதை

எல்லாரும் நின்னு பாக்கறாங்கன்னு மேனேஜருக்கு ஒரே குஷி. ஜன்னல் விக்கிற ஒரு கம்பெனிக்கே போர்டைக் குடுத்துட்டார், வருஷம் முழுக்க! படம் என்னுதேதான். என் ரெண்டு வரியை அழிச்சிட்டு அங்க "தீபாவளி தள்ளுபடி". பிரிண்டுக்கு வந்ததும் எங்க கடைக்கே. அந்த ஜன்னல் கம்பெனி ஆபீஸ்ல போய் தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கு ஜூஸ் வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. அக்காகிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். ட்யூப்லைட்டுக்கு நேரா ஊசியைத் தூக்கிப் பிடிச்சு நூல் கோத்துக்கிட்டே சொன்னாங்க: "என் ஜன்னலை நல்லாத்தான் வித்துக் குடுத்திருக்கீங்க தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இருக்கிற வெளிச்சத்தையும் மறைக்கிறீங்க."

இப்ப மெஷின்ல ஓடி முடிஞ்சது அந்த ஃப்ளெக்ஸ்தான்: ஒரு ஜன்னலை மூடறதுக்கு ஒரு ஜன்னல் விளம்பரம், அதுவும் தள்ளுபடியோட.