அண்ணனும் பின் அட்டையும்

காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களே, மாமல்லபுரத்திலிருந்து கடையை மூடிவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, பந்தியில் இலை போடும் வரை இதைப் படித்துக்கொண்டிருங்கள். எட்டாம் வகுப்பின் வாசலை மிதித்ததோடு திரும்பிவிட்டவன் நான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதினாள். “இதையெல்லாமா நினைவு மலர்ல போடுவாங்க?” என்று அவள் கேட்ட இடங்களை மட்டும் ஒன்று விடாமல் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் அவளுடையது. நன்றாக இருந்தால் என்னுடையது.

எங்கள் அண்ணன் காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் பிறந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்தவர் நிலத்தில்தான் வேலை. நடவும் அறுப்பும் இருந்தால் அடுப்பு எரியும். அந்த வீட்டிலிருந்து அண்ணன் பன்னிரண்டாவது வரை போனார். நான் படிக்க வேண்டியதையும் சேர்த்து அவரே படித்துவிட்டதால் எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

அண்ணனின் முதல் தொழில் விசிறி. வைகாசி கருட சேவைக்கு வரும் கூட்டத்துக்கு அட்டை விசிறி கொடுப்பார்கள் அல்லவா? ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் கடை விளம்பரம். அந்த மறுபக்கத்தை அண்ணன் பட்டுக் கடைகளில் விற்றார். “விசிற விசிற உங்க கட பேரு அவன் மூஞ்சிக்கு நேரா வந்துக்கினே இருக்கும்பா. அவன் கண்ண மூடினாலும் காத்துல தெரியும்” என்பார். மறுக்க நினைத்த முதலாளியும் சிரித்துவிட்டுக் கொடுப்பார்.

அந்த வாய்தான் அவரை மாட்டிவிட்டது. சென்னையில் ஒரு கம்பெனி, சுற்றுலா ஊர்களுக்கு மாதாமாதம் ஓர் இலவசப் புத்தகம் போட்டு வந்தது. ஓட்டல், லாட்ஜ் மேஜைகளில் அடுக்கியிருக்கும். நடுவில் ஊர் வரைபடம், மற்ற பக்கமெல்லாம் கடை விளம்பரம். ஊருக்கு ஓர் ஆள், அந்த ஊர் அவருடைய ஏரியா. காஞ்சிபுரத்துக்கு ஏற்கெனவே ஆள் இருந்தார். மாமல்லபுரம் காலியாக இருந்தது.

“கடக்காத்துடா தம்பி. சம்பாதிச்சிக்கினே காத்து வாங்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி போட்ட கட்டு இதுதான்: ஏரியாவுக்கு வெளியே விளம்பரம் வாங்கக் கூடாது. எந்தப் பக்கமும் காலியாக அச்சுக்குப் போகக் கூடாது. விலக வேண்டுமென்றால் தன் இடத்தில் இன்னோர் ஆளை உட்கார வைத்துவிட்டுத்தான் விலக வேண்டும். மீறினால் வக்கீல் நோட்டீஸ். எங்கள் குடும்பத்துக்கு அதுவரை கல்யாண நோட்டீஸ் தவிர வேறு நோட்டீஸ் வந்ததில்லை. அண்ணன் பயந்தார். அவரைப் பார்த்து நானும் பயந்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அண்ணனின் வாழ்க்கை, காஞ்சிபுரம் செவிலிமேட்டு வீட்டிலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு பஸ். சொந்த ஊர் பட்டுக் கடைக்காரர்கள் வழியில் நிறுத்தி, “ஏன்பா, எங்களுக்கு ஒரு பக்கம் போடேன்” என்று கெஞ்சினார்கள். வாங்க முடியாது. அது வேறொருவர் ஏரியா. மாமல்லபுரத்தில் இவர் போய்க் கெஞ்சினார். அவர்களோ, “எல்லாம் போன்ல பாத்துக்கினு வந்துடறானுங்க. பொஸ்தகம் எதுக்கு?” என்று கையை விரித்தார்கள். இதோ இந்த மலரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே கைகள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், சாப்பாட்டில் குறை வைக்க மாட்டோம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை பின் அட்டை. மேஜையில் புத்தகம் குப்புறக் கிடந்தால் கண்ணில் படுவது அதுதான் என்பதால் கம்பெனிக்கு அதன் மேல் உயிர். விலை அதிகம் என்பதால் கடைக்காரர்களுக்கு அதன் மேல் பயம். வெளியூர்க்காரர்கள் வருவது ஞாயிறு, முதலாளிகள் கடையில் உட்காருவதும் ஞாயிறு. ஆகவே அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. என் கல்யாணமே ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாலி கட்டும் நேரத்தில் மேளச் சத்தத்தையும் மீறி, “பின் அட்டைனா சும்மாவா சார்” என்று ஒரு குரல் கேட்டது. போட்டோவில் அண்ணன் காதில் போனோடு நிற்கிறார். எனக்குத் தாலி கட்டும் பதற்றம், அவருக்கு அட்டை நிரம்பும் பதற்றம். இரண்டு பேர் முகமும் ஒரே மாதிரி இருக்கும்.

ஒரு மழைக்காலம். கடல் பக்கம் ஓர் ஆள் இல்லை. கடைகள் பாதி சாத்தியிருந்தன. பின் அட்டைக்கு ஆள் கிடைக்கவே இல்லை. அச்சுக்குப் போகும் நேரத்தில் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? செவிலிமேடு பஸ் நிறுத்தத்தில் நான் போட்டிருக்கும் தள்ளுவண்டி டிபன் கடையைப் போட்டுவிட்டார். முழு அட்டை, வண்ணத்தில். கரண்டியோடு நான் சிரிக்கும் படம். மேலே “புகழ்பெற்ற காஞ்சிபுரம் இட்லி.”

கோயிலில் மிளகும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் அவிக்கும் அந்த இட்லி வேறு, என் இட்லி வேறு. என் இட்லிக்கு ஒரே புகழ், சட்னியில் ஊறினாலும் உடையாது.

பத்து நாளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காரில் வந்து இறங்கினார்கள். கையில் புத்தகம். படத்தைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். கூட வந்த டிரைவர் கேட்டார், “இன்னாபா, மாபலிபுரத்துலேந்து வராங்க. காஞ்சிபுரம் இட்லி எங்க?”

நான் தட்டைக் காட்டினேன். “இது இட்லி.” பிறகு தரையைக் காட்டினேன். “இது காஞ்சிபுரம்.”

டிரைவர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு என்னோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான்தான் சும்மா இருக்காமல் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அது காஞ்சிபுரம் ஏரியாக்காரர் காதுக்குப் போய், கம்பெனிக்குப் போனது. ஏரியாவுக்கு வெளியே விளம்பரம்! அண்ணனைச் சென்னைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். “என்னால முடியல, விட்டுடுங்க சார்” என்று அண்ணன் கேட்டாராம். “தாராளமா. ஆளக் கொடுத்துட்டுப் போங்க” என்றார்களாம்.

ஆள் கிடைக்காமல் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய எங்கள் தூரத்து மச்சான் ஒருவர் ஆசையோடு வந்தார். அண்ணன் அவரையும் அவர் பிள்ளைகளையும் கடற்கரைக்கு அழைத்துப்போனார். ஊரையே விசிறிக்கு மயக்கிய வாய் அது, ஒரு பொய் போதும். அண்ணனோ பஸ், மழைக்காலம், பின் அட்டை, நோட்டீஸ் என்று நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டார். மச்சான் சுண்டலைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அன்று அண்ணி பொரிந்து தள்ளினார். “உங்க வாயால ஊரையே வித்துடுவீங்க. இத்த ஒருத்தன் தலையில கட்ட முடியலயா?”

“அவன் புள்ளைங்க ரெண்டும் அவன் தோள்லயே தொங்கிக்கினு இருந்துச்சிங்கமா” என்றார் அண்ணன். அவ்வளவுதான் பதில்.

பிறகு நானே கேட்டேன். “எங்கிட்ட குடுத்துட்டு நீ வெளிய வாண்ணா. எனக்கு மட்டும் இன்னா, கவர்மெண்டு வேலையா கெட்டுப்போவுது?”

“நீ இட்லிய பாருடா.”

“படிக்காதவன்னுதானே யோசிக்கிற?”

“படிச்சவன்தானே கையெழுத்து போட்டேன்?” என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, “நம்ம ஊட்ல ஒருத்தனாவது ஞாயித்துக்கெழம காலைல லுங்கியோட ஒக்காந்து டீ குடிக்கட்டும்டா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான்.

இப்படியே அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். “இரண்டு பஸ்ஸுக்கு நடுவிலேயே படுத்திருக்கிறேன், பார்த்தாயா?” என்பது போல ஜன்னல் வழியாகப் பஸ் சத்தம் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கும் போனை விடவில்லை. நர்ஸம்மா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இன்னாங்க இது, மூக்குல கொழாய வச்சிக்கினு யார்கிட்ட பேரம் பேசறீங்க?” என்று அதட்டினார்.

அண்ணன் குழாயை ஒதுக்கிவிட்டு, “உங்க ஊட்டுக்காரரு கட வச்சிக்கிறாராம்மா?” என்று கேட்டார்.

வார்டே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சிரிக்க வைப்பது என் வேலை, அதையும் அவர் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

கடைசியாக அவர் என்னிடம் சொன்னது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. என் கையைப் பிடித்து, “பின் அட்ட இன்னும் காலியா இருக்குதுடா” என்றார். “இருக்கட்டும் உடுண்ணா” என்றேன். விட்டுவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஒருவர் பெரிய மாலையோடு வந்தார். படத்துக்குப் போட்டார், கண்ணைத் துடைத்தார், பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். ஆள் இறந்தால் கட்டு தானாக அறுந்துவிடுமாம், அதனால் புதுக் கையெழுத்து வேண்டுமாம்.

“தம்பி, கடக்காரங்களுக்கு உங்க முகம் தெரியும். பின் அட்டையில வந்த முகமாச்சே. அண்ணன் பேர நீங்கதான் காப்பாத்தணும்.”

பேனா என் கைக்கு வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், விரல் மூடியைக் கழற்றிவிட்டது. அண்ணன் பேர் என்று சொன்னால் நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவேன், அப்படிப்பட்ட முட்டாள். கூடத்தில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். அண்ணி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் அண்ணனின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் பிடிக்க ஓடி ஓடிக் குதிகால் பக்கம் தேய்ந்து கிடந்த செருப்பு.

நான் மூடியைப் போட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். “சார், எங்கண்ணன் பேர நாங்க காப்பாத்திக்கிறோம். ஏரியாவ நீங்க காப்பாத்துங்க.”

“ஆள் கொடுக்காம யாரும் போனதில்ல தம்பி” என்றார் அவர்.

“எங்கண்ணன் போய்ட்டார் சார்.”

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணனை இரவு பகலாகக் கவனித்த நர்ஸம்மாவுக்கும், அவருக்காகப் பஸ்ஸை ஒரு நிமிடம் நிறுத்திவைத்த கண்டக்டர்களுக்கும், ஐயம்பேட்டைச் சொந்தங்களுக்கும், என் பிழைகளைத் தன் பிழையாக ஏற்றுக்கொண்ட என் மனைவிக்கும், அழுத நேரத்திலும் வந்தவர்களுக்குக் காபி கொடுக்க மறக்காத அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமல்லபுரத்து நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த மலருக்குக் கண்ணீர் அஞ்சலி கொடுப்பதாக நீங்கள் அத்தனை பேரும் போன் செய்தீர்கள். உள்பக்கங்களில் எல்லோரையும் போட்டிருக்கிறோம். பின் அட்டைக்கு மட்டும் இரண்டு மீன் ஓட்டல்காரர்கள் போட்டி போட்டார்கள். அண்ணன் இருந்திருந்தால் படுக்கையிலிருந்து எழுந்தே வந்திருப்பார். இரண்டு பேருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டோம். மன்னியுங்கள்.

இப்போது மலரைத் திருப்பிப் பாருங்கள். அச்சகத்தின் தவறு இல்லை. வேண்டுமென்றேதான் வெள்ளையாக விட்டிருக்கிறோம். அது அண்ணனின் ஞாயிற்றுக்கிழமை.