கறையை முதலில் சொல்கிற பெண்

என் தம்பி மகள் வேலைக்குப் போன கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. கதையில் பாதி என் கடையில்தான் நடந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்று ஊரின் பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் ஒரு ஆஸ்பத்திரியின் திரைச்சீலையும் என் சலவைக் கடையில்தான் வெளுக்கின்றன. சொன்னால் பெருமையடிக்கிறான் என்பார்கள். அடிக்கத்தான் செய்கிறேன். நான் சம்பாதித்த பெருமையை நான் அடிக்காமல் வேறு யார் அடிப்பது?

கடையில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. துணி வந்ததும் கவுண்டரில் விரித்து, கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே அதிலுள்ள குறையையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இங்கே டீக்கறை, இங்கே பொத்தான் ஆடுகிறது, இந்த ஓரம் நைந்திருக்கிறது என்று. வாங்கும்போது விட்டால் கொடுக்கும்போது சண்டை. கறையை நாம்தான் போட்டோம் என்று சட்டைக் காலரைப் பிடிக்க வருவார்கள், நாம் வெளுத்துக் கொடுத்த சட்டையையே போட்டுக்கொண்டு. பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே இவள் சாயங்காலம் வந்து கவுண்டரில் நிற்பாள். மற்றவர் கண்ணில் படாத கறை இவள் கண்ணில் படும். என் கண்ணில் படுவது வேறு கணக்கு, அதை இங்கே சேர்க்கவில்லை.

கல்லூரியில் வணிகவியல் கடைசி வருஷம் வந்தபோது அவளுக்கு ஒரே ஆசை. சரக்குகளை எந்த லாரி, எந்த வழியில், எப்போது கொண்டுபோக வேண்டும் என்று திட்டம் போடும் கம்பெனி ஒன்று வருஷத்துக்கு ஒரு தடவை கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கும். எடுப்பது இரண்டே பேர். அதில் ஒருத்தியாகிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

எனக்கு வேறு ஆசை. எனக்குப் பிறகு கடையைப் பார்க்க ஆள் வேண்டும். அவளுக்கென்றே சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்று வாங்கிக் கவுண்டருக்குப் பின்னால் போட்டேன். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"பெரியப்பா, இது எதுக்கு?"

"கம்பெனிக்காரன் கைவிரிச்சா உக்கார இடம் வேணாமா?"

"அப்படின்னா உறையைப் பிரிக்காதீங்க. திருப்பிக் குடுக்கும்போது கடைக்காரன் குறை சொல்லக்கூடாது."

என் இரத்தம். வேறு எப்படிப் பேசும்?

கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் மேடம், உண்மையான நேர்காணலுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒத்திகை வைப்பார். இவள் ஒத்திகைக்குப் போய்விட்டு முகம் தொங்கிப் போய் வந்தாள். சாயங்காலம் ஓட்டல் விரிப்புகளை மடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். ஒரு முனையை அவளும் மறுமுனையை அவள் அப்பாவும் பிடித்திருந்தார்கள். என் தம்பி எங்கள் வேனை ஓட்டுகிறவன். பேச்சில் கருமி.

"உன்னைப் பத்திச் சொல்லுன்னாங்க பெரியப்பா. சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"ரெண்டாம் வருஷம் புள்ளியியல்ல ஃபெயில். காலையில எழுந்திரிக்கச் சோம்பல். யாராவது ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்னா கோபம் வரும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? நல்லதா ஒண்ணும் சொல்லலையா?"

"துணி நல்லா இருக்குன்னு நாம என்னைக்காவது கவுண்டர்ல சொல்லியிருக்கோமா?"

என் வாயை மூட வைத்தவர்கள் இந்த ஊரில் ரொம்பக் குறைவு. மேடம் மார்க்கே போடவில்லையாம். "இப்படிப் போனா வாசலோட அனுப்பிடுவாங்கம்மா" என்றாராம். கம்பெனி வருவதற்கு ஒரு வாரம்கூட இல்லை.

அதன் பிறகு மற்ற பிள்ளைகள் சொல்கிற பதில்களைக் கேட்டு வந்து மனப்பாடம் பண்ண ஆரம்பித்தாள். இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்று, காற்றைப் பார்த்துப் பேசுவாள். "என் பலவீனம், நான் அளவுக்கு மீறி உழைப்பேன்."

இஸ்திரி போடுகிறவர் தலையைத் தூக்காமலே கேட்டார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் தூங்கினது யாரு தாயி?"

"அண்ணே, நீங்க பெட்டியைப் பாருங்க, துணி கருகப் போவுது."

"துணி கருகாது. உன் பொய்தான் கருகல் வாசனை அடிக்குது."

கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியில் அவள் உட்கார வேண்டும் என்பது என் விருப்பம்தான். ஆனால் வேறெங்கும் இடம் கிடைக்காமல் வந்து உட்காரக் கூடாது. என் கடை என்ன கழித்துப் போட்ட பொருளுக்கான மூட்டையா?

மறுநாள் சாயங்காலம் ஒரு அம்மாள் வெளிர் நிறக் கோட்டு ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். கவுண்டரில் இவள். அந்த அம்மாளைப் பார்த்ததும் இவள் முகம் மாறியது. பிறகுதான் தெரிந்தது, அவர்தான் வேலைவாய்ப்பு மேடம். எங்கள் கடை என்று தெரியாமல் வந்திருக்கிறார். நல்ல கடையைத் தேடினால் இங்கேதான் வந்து சேர வேண்டும், அதில் அதிசயமில்லை.

இவள் கோட்டை விரித்தாள். மேடம் என்பதெல்லாம் மறந்துவிட்டது, கை தன் பாட்டுக்கு வேலையில் இறங்கிவிட்டது.

"பாக்கெட்டுக்குக் கீழ பேனா மை. ரெண்டாவது பொத்தான் நூல் விட்டிருக்கு. கழுத்துல பவுடர் படிஞ்சிருக்கு. மை புதுசு, பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட் ஒத்தி எடுத்தா முக்கால்வாசி போயிடும். லேசா நிழல் மாதிரி தெரியலாம். பவுடர் முழுசாப் போயிடும். பொத்தானை நாங்களே தைச்சுடுவோம். சரியா மேடம்?"

மேடம் கோட்டைப் பார்க்கவில்லை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைத்தான் என் ரூம்லயும் பண்ணியா?"

"ஆமா மேடம்."

"இல்லம்மா. பாதிதான் பண்ணே. கறை இருக்குன்னு சொன்னே. அது போகுமா, எப்படிப் போகும், எவ்வளவு மிச்சம் நிக்கும், ஒண்ணுமே சொல்லலை. கோட்டுக்குச் சொன்னதை உனக்குச் சொல்ல மாட்டியா?"

நான் எட்டிப் பார்த்து, "டீ சாப்பிடுறீங்களா மேடம்?" என்றேன். அந்த அம்மாள் படித்தவர், அதோடு புத்திசாலி. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

நேர்காணல் அன்று காலை அவளுக்குப் போட்டுக்கொள்ளக் கோட்டு இல்லை. யாரும் திரும்ப வாங்க வராமல் தொங்கும் கோட்டுகள் பின்னறையில் நிறைய இருந்தன. அவள் அந்தப் பக்கம் ஒரு பார்வை விட்டாள்.

"அடுத்தவங்க துணி நம்ம உடம்புல ஏறக்கூடாது," என்றேன்.

"பார்த்தேன் பெரியப்பா, அவ்வளவுதான். பார்க்கிறதுக்குமா தடை?"

வெள்ளைச் சட்டையோடு போனாள். அதை நானே தேய்த்தேன். அந்தக் கை மடிப்பில் தக்காளி நறுக்கலாம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராம். நடுவில் இருந்தவர் எடுத்ததுமே அவள் மதிப்பெண் தாளைத் தட்டினாராம். "புள்ளியியல்ல ஃபெயில் ஆகியிருக்கீங்க."

"ஆமா சார். வகுப்புக்குப் போகாமலே பாஸ் பண்ணிடலாம்னு நினைச்சேன். அது என் திமிர். மறுபடி எழுதினப்போ முதல் பெஞ்சுல உட்கார்ந்தேன். பாஸ் ஆனதோட விடலை. எங்க சலவைக் கடை வேன் எந்த ஓட்டலுக்கு எப்போ போனா நேரம் மிச்சமாகும்னு அதே பாடத்தை வெச்சுக் கணக்குப் போட்டு வழியை மாத்தினேன். முன்னாடி எங்கப்பா மத்தியானச் சாப்பாட்டை வேன்லயே சாப்பிடுவார். இப்போ வீட்டுக்கு வந்து சாப்பிடுறார்."

இது நிஜம். வழியை மாற்ற அனுமதி கொடுத்தவன் நான் என்பதை அங்கே சொல்லியிருக்கலாம். விட்டுவிட்டாள்.

"அப்போ அந்தக் கறை போயிடுச்சா?" என்றாராம் பக்கத்திலிருந்தவர். பதிலோடு பதிலாகக் கவுண்டர் முறையையும் அவர்களிடம் விளக்கியிருந்தாள்.

"அது போயிடுச்சு சார். காலையில சீக்கிரம் எழுந்திரிக்கிறது மட்டும் இன்னும் முழுசா வரலை. மூணு அலாரம் வெச்சிருக்கேன்."

கடைசியில், நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்களாம். சும்மா வந்திருக்கலாம். இவளா சும்மா வருவாள்?

"நான் என் கறையைச் சொல்லிட்டேன். இந்த வேலையில என்ன கறைன்னு நீங்களும் இப்பவே சொல்லிட்டா, பின்னாடி நமக்குள்ள சண்டை வராது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு நடுவிலிருந்தவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பண்டிகைச் சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும், லாரி டிரைவர்கள் ஃபோனில் கத்துவார்கள், முன்பு அந்த இடத்தில் இருந்தவர் கத்தல் தாங்காமல்தான் போனார்.

"கத்துறது பரவாயில்லை சார். எங்க பெரியப்பா கடையில வளர்ந்தவ நான்."

இதை என் முகத்துக்கு நேராகவே சொல்லிக் காட்டினாள். என் தம்பி அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தான்.

இரண்டு பேரில் ஒருத்தியாக அவளை எடுத்துக்கொண்டார்கள். செய்தி வந்தபோது கவுண்டரில்தான் நின்றிருந்தாள். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு நாற்காலியைப் பார்த்தாள்.

"பெரியப்பா, கோபமா?"

"எதுக்குக் கோபம்? கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். நான் வாங்க வேண்டியதை முந்தி வாங்கிட்டான்."

நாற்காலியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கவுண்டருக்கு ஆள் தேடுகிறேன். வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் கேள்வி கேட்கிறாள். போன வாரம் டிப்டாப்பாக ஒருவர் வந்தார். உங்களிடம் என்ன குறை என்று கேட்டாள். ஒரு குறையும் இல்லை என்றார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், அவரை டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

நாற்காலி உறையை இன்னும் பிரிக்கவில்லை.