வெயிலில் தெரிந்த சந்துகள்

கும்மிடிப்பூண்டியில் காயலான் கடை என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். நாலாம் வகுப்பு தாண்டாதவன் நான். ஆனால் எந்த மெஷினையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன்.

போன கோடையில் காசு போட்டு ஆடுகிற, டிவி மாதிரித் திரை வைத்த ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி வந்தது. சந்து சந்தாக ஓடித் தப்பிக்கிற விளையாட்டு. இப்படி ஏதாவது வந்தால் கூப்பிடச் சொல்லியிருந்தார் திருநின்றவூர் தேவி அம்மா. பழைய கேம்களைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர். ரயிலேறி உடனே வந்துவிட்டார்.

உள்ளே இருந்த போர்டைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"மத்ததெல்லாம் சரி பண்ணிடலாம் நைனா. சந்து எப்டி போவுதுன்றது இந்த ஒரு சிப்புலதான் இருந்திச்சி. அது அரிச்சிப்போச்சி. வேற எங்கியும் காப்பி இல்ல."

"வுடும்மா, டீ குடி" என்றபடி பிக்சர் டியூபை வெளியே எடுத்து வைத்தேன். டியூபின் பின்பக்கக் கழுத்தை உடைத்து, அதில் சுற்றிய செம்புக் கம்பியை உருவுவது எங்கள் வழக்கம். சுத்தியலை ஓங்கும்போது கண்ணாடியில் வெயில் பட்டு, மங்கலாகக் கோடுகள் தெரிந்தன. துண்டால் துடைத்தேன்.

"இன்னாம்மா, அழுக்கு போவ மாட்டுது?"

தேவி அம்மா ஓடி வந்து டியூபைக் கட்டிக்கொண்டார்.

"அழுக்கு இல்ல நைனா! வருசக்கணக்கா ஒரே படம் நின்னு நின்னு கண்ணாடியிலயே பதிஞ்சிகீது. சந்து மொத்தமும் இங்க கீது!"

சுத்தியலை ஓரமாகப் போட்டேன். "நீ வரைம்மா. முடியிற வரைக்கும் நான் புடிச்சிக்கினு நிக்கறேன்."

கை மரத்துப்போகும்வரை டியூபை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தேன். அவர் கண்ணாடிமேல் மெல்லிய தாளை ஒட்டி ஒவ்வொரு கோடாக வரைந்தெடுத்தார்.

அந்தக் கோடுகளை வைத்து அவர் புது சிப் செய்து போட்டார்; இன்று அந்த விளையாட்டு அதே டியூபில் ஓடுகிறது. முதல் ஆட்டம் எனக்குத்தான். இரண்டாவது திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

"நைனாவுக்குப் பிரிக்கத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

அதற்கு முன் பார்க்காமலே எத்தனை டியூபின் கழுத்தை உடைத்தேனோ, தெரியாது. இப்போது எந்த டியூப் வந்தாலும், முதலில் வெயிலில் காட்டிப் பார்க்கிறேன்.